சீட்டைக் கழற்றாமல் பைக் பேட்டரிக்கு சார்ஜ் போட: நிரந்தர வயர் பொருத்தும் முறை

இரண்டு மூன்று வாரம் ஓடாமல் நின்ற பைக்கில் செல்ஃப் பட்டனை அமுக்கினால் சில நேரம் 'டிக்' என்று ரிலே சத்தம் மட்டும் கேட்கும், இன்ஜின் சுற்றாது. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் கிக்கரை உதைத்துக் கிளப்பிவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வெளியான பல வண்டிகளில் அது நடக்காது. பெட்ரோல் பம்ப், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) மூன்றுக்கும் பேட்டரி கரண்ட் வேண்டும். பல மாடல்களில் கிக்கரே இல்லை. பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பலிக்காது, ஏனென்றால் பம்ப் ஓடத் தேவையான வோல்டேஜே இருக்காது.

சார்ஜர் வாங்கி வைத்திருப்பவர்கள்கூட மாதம் ஒருமுறை சார்ஜ் போடுவதில்லை. ஒவ்வொரு முறையும் சீட்டையோ சைடு பேனலையோ கழற்ற வேண்டும், டூல் கிட்டை வெளியே எடுத்து வைக்க வேண்டும், ரப்பர் பட்டையை விலக்க வேண்டும். அதன் பிறகும் கிளிப்பை மாட்ட இடம் இருக்காது. சில வண்டிகளில் பிளஸ் முனைக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையாது. அந்த இடுக்கில் கிளிப் நழுவி இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே, பேட்டரி செத்த பிறகுதான் சார்ஜரை வெளியே எடுக்கிறோம். அதற்குள் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகியிருக்கும், அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது.

பேட்டரி முனைகளில் ஃபியூஸ் வைத்த ஒரு சிறு இரட்டை வயரை நிரந்தரமாகப் பொருத்தி, அதன் மறுமுனையை வண்டிக்கு வெளியே கை எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். பிறகு சார்ஜ் போடுவது போனுக்குச் சார்ஜ் போடுவது மாதிரி பிளக்கைச் செருகும் வேலைதான். வயரைப் பொருத்த அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

நின்ற வண்டியில் பேட்டரி ஏன் இறங்குகிறது

சாவியை எடுத்த பிறகும் மீட்டரில் உள்ள கடிகாரம், ஈசியுவின் நினைவகம், அலாரம், நாமாகப் பொருத்திய ஜிபிஎஸ் டிராக்கர் ஆகியவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுக்கும். 5 மில்லிஆம்பியர் என்பது ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் மாதத்துக்கு 720 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் 3.6 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) வருகிறது. 8 ஏஎச் பேட்டரியில் இது கிட்டத்தட்ட பாதி. டிராக்கர் சேர்ந்து 10 மில்லிஆம்பியர் ஆகிவிட்டால் ஒரே மாதத்தில் பேட்டரி காலி. இதற்கு மேல் பேட்டரி தானாக இறங்குவது வேறு இருக்கிறது. வெயில் காலத்தில் அதன் வேகமும் கூடும்.

உங்கள் வண்டி எவ்வளவு எடுக்கிறது என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம். சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் வரம்பில் வைத்து இணையுங்கள். ஈசியு உறங்கப்போக இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். அளவு மிகச் சிறியது என்று உறுதியானதும் 200 மில்லிஆம்பியர் வரம்புக்கு மாற்றினால் சரியான எண் தெரியும். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, திருப்பினால் மீட்டருக்குள் உள்ள ஃபியூஸ் போய்விடும்.

பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை வோல்டேஜ் சொல்லும். ஓட்டிவிட்டு வந்து சில மணி நேரம் ஓய்வாக விட்ட பிறகு அளந்தால் 12.7 முதல் 12.8 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் சுமார் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 12.4க்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருப்பதுதான் பேட்டரியின் ஆயுளைக் கூட்டும் முக்கியமான வழி. இந்தக் கணக்கு லெட் ஆசிட் (சாதாரண ஈய-அமில) வகைக்கு மட்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி முழுச் சார்ஜில் ஓய்வாக 13.2க்கு மேல் காட்டும், 12.8 என்றால் அது ஏற்கெனவே நன்றாக இறங்கியிருக்கிறது.

எந்தச் சார்ஜர்

பேட்டரியின் ஏஎச் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பழைய விதி, இன்றும் சரியான விதி. 3 ஏஎச் ஸ்கூட்டர் பேட்டரிக்கு 0.3 ஆம்பியர், 8 ஏஎச்சுக்கு 0.8, 14 ஏஎச்சுக்கு 1.4. கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. பல பேட்டரிகளின் உடம்பிலேயே எத்தனை ஆம்பியரில் எத்தனை மணி நேரம் என்று அச்சிட்டிருக்கும், இருந்தால் அதையே பின்பற்றுங்கள். காருக்கான 5, 10 ஆம்பியர் சார்ஜரைச் சிறிய பைக் பேட்டரியில் மாட்டினால் அது சூடாகிக் கொதிக்கும்.

ஆம்பியரைவிட முக்கியம் வோல்டேஜ் கட்டுப்பாடு. நல்ல தானியங்கிச் சார்ஜர் 14.4 முதல் 14.7 வோல்ட் வரை ஏற்றி, கரண்ட் குறைந்ததும் 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்குத் தானாக இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் மட்டும் உள்ள பழைய பாணிச் சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. தண்ணீர் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் குறைந்ததை நிரப்பிச் சமாளிக்கலாம். இப்போது வரும் மூடிய பேட்டரிகளில் தண்ணீர் போனால் போனதுதான், திறந்து ஊற்ற வழியில்லை. லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்று தனி மோடு உள்ள சார்ஜர் வேண்டும். சல்பேட் நீக்கும் மோடு உள்ள சாதாரணச் சார்ஜர் அதற்கு ஆகாது.

வாங்க வேண்டியவை

தயார் வயராகவே கிடைக்கிறது: ஒரு முனையில் இரண்டு வளைய லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்), நடுவில் ஃபியூஸ் ஹோல்டர், மறுமுனையில் எஸ்ஏஇ எனப்படும் இரண்டு முனைத் தட்டையான பிளக், அதற்கு ரப்பர் மூடி. உங்கள் சார்ஜரோடு இந்த வயரும் வந்திருந்தால் அதைப் பயன்படுத்துவதே நல்லது.

நீங்களே செய்வதானால் 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழை ஆட்டோ வயர் சிவப்பும் கறுப்பும், பிளேடு ஃபியூஸ் ஹோல்டர், 7.5 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு (ஒன்று உபரி), அந்த வயருக்கு ஏற்ற லக் இரண்டு, எஸ்ஏஇ பிளக் ஒரு ஜோடி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், கேபிள் டை, நெளிவுக் குழாய். லக் வாங்கும் முன் பேட்டரி போல்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பேட்டரிகளில் பெரும்பாலும் எம்6 (6 மில்லிமீட்டர் போல்ட்), சிறியவற்றில் எம்5 (5 மில்லிமீட்டர்) இருக்கும். எம்6 போல்ட்டுக்கு 5 மில்லிமீட்டர் துளை லக் வாங்கிவிட்டு அதை வளைத்து, வெட்டி நுழைக்கிற வேலை வேண்டாம். லக்கை கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, இழுத்துப் பாருங்கள், கையோடு வரக் கூடாது. சாதாரண பிளையரால் நசுக்கிய லக் சில மாதத்தில் அதிர்வில் கழன்றுவிடும்.

ஃபியூஸ் இல்லாமல் வயர் போடவே கூடாது. சார்ஜருக்குள் ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பாதுகாப்பு சார்ஜரில் இருந்து வரும் கரண்ட்டுக்கு. இங்கே ஆபத்து பேட்டரியின் பக்கம் இருக்கிறது. சார்ஜர் வீட்டுக்குள் அலமாரியில் இருக்கும்போதும் இந்த வயரில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். எங்காவது ஃபிரேமில் உரசி இன்சுலேஷன் தேய்ந்தால், செல்ஃப் மோட்டாரையே சுற்ற வைக்கிற பேட்டரி, அந்த மெல்லிய வயர் வழியாக நூறு ஆம்பியருக்கு மேல்கூடக் கொட்டும். சில நொடிகளில் வயர் சிவந்து பிளாஸ்டிக் எரியத் தொடங்கும், பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் ஃபியூஸ் பிளஸ் வயரில், பேட்டரி முனையில் இருந்து 15 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

பொருத்தும் வேலை

சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சீட்டையும் சைடு பேனலையும் கழற்றுங்கள். புது வயரில் இருந்து ஃபியூஸை உருவி வையுங்கள், கடைசியில்தான் அதைப் போட வேண்டும்.

பேட்டரியில் முதலில் மைனஸைக் கழற்றுங்கள். வண்டியின் ஃபிரேம் முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் நேரடி ஷார்ட், ஸ்பேனரே ஒட்டிக்கொண்டு பற்றும். மைனஸைக் கழற்றிவிட்டால் அதே ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது இதற்கு நேர் எதிர்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

போல்ட்டை எடுத்ததும் உள்ளே இருக்கும் சதுர நட் முனைக்குள் கீழே சரிந்து விழும், அப்புறம் போல்ட்டுக்குச் சிக்காது. ஒரு சிறு ஸ்பாஞ்சுத் துண்டையோ மடித்த ரப்பரையோ நட்டுக்கு அடியில் செருகிவிட்டால் அது துளைக்கு நேராக நிற்கும். இந்த ஒரு தந்திரம் தெரியாமல் பத்து நிமிட வேலை ஒரு மணி நேரமாக இழுக்கும்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, எமரி தாளால் இலேசாகத் தேய்த்து உலோகம் தெரியும்படி செய்யுங்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் சோடா நீர் மூடி வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லக்குகளை அடுக்கும் வரிசை முக்கியம். வண்டியின் தடித்த செல்ஃப் கேபிள் பேட்டரி முனையை நேரடியாகத் தொட வேண்டும், நம் சிறிய லக் அதற்கு மேலே, அதன் மேல் வாஷரும் போல்ட்டும். சிறிய லக்கை அடியில் வைத்தால் செல்ஃப் எடுக்கும் பெரும் கரண்ட் எல்லாம் அந்த மெல்லிய தகடு வழியாகப் போகும், முனை சூடாகும், செல்ஃப் சோம்பலாகச் சுற்றும்.

சிவப்பு பிளஸில், கறுப்பு மைனஸில். இறுக்கமாக, ஆனால் ஈயமுனை திருகிக்கொள்ளாத அளவுக்கு. இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பிளஸ் முனையின் ரப்பர் தொப்பி மறுபடி சரியாக உட்கார வேண்டும். புது வயருக்கு வழி இல்லையென்றால் தொப்பியின் ஓரத்தில் சிறிதாக வெட்டிக்கொள்ளலாம், தொப்பியையே தூக்கிப் போட்டுவிடக் கூடாது. வண்டியின் வயரிங்கில் எதையும் வெட்டவோ உரித்து முறுக்கி இணைக்கவோ தேவையே இல்லை.

வயரை எங்கே கொண்டுபோவது

இங்கே அவசரப்படாதீர்கள், பின்னால் வரும் கோளாறுகளில் பாதி தவறான பாதையால் வருகிறது. சைலன்சர், இன்ஜின் ஹெட் பக்கம் போகக் கூடாது. ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் அசையும் இடத்தில் நுழையக் கூடாது. சீட்டு பூட்டிக்கொள்ளும் கொக்கி, ஃபிரேமின் வெட்டு விளிம்பு, சைடு பேனலின் பிளாஸ்டிக் காது ஆகியவற்றுக்கு நடுவே நசுங்கக் கூடாது. ஏற்கெனவே போகும் வயரிங் கட்டோடு சேர்த்து 15 சென்டிமீட்டருக்கு ஒரு கேபிள் டை போட்டுக்கொண்டே வாருங்கள். ஃபிரேமை ஒட்டிப் போகும் நீளத்துக்கு நெளிவுக் குழாய் மாட்டுங்கள். அபார்ட்மெண்ட் தரைத்தள பார்க்கிங்கில் எலி வயரைக் கடிப்பது நம் ஊரில் சாதாரணம், குழாய் இருந்தால் அதன் பல்லில் இருந்தும் ஓரளவு தப்பும்.

பிளக் வெளியே வர நல்ல இடம் பெரும்பாலும் இடது பக்க சைடு பேனலின் கீழ் ஓரம். வண்டி சைடு ஸ்டாண்டில் நிற்கும்போதும் கை எளிதாகப் போகும், பல வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருப்பதால் சூடும் இல்லை. பிளக்கின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அதற்கு முன் வயர் ஒரு சிறு வளைவாகத் தாழ்ந்து ஏறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பிரஷர் தண்ணீர் நேராகப் பிளக்கில் அடிக்கக் கூடாது என்று சொல்லுங்கள்.

எல்லாம் கட்டி முடிந்த பிறகு, ஃபியூஸ் போடும் முன், சீட்டை ஒருமுறை மூடித் திறந்து, பின்பக்கத்தை அழுத்தி ஷாக் அப்சார்பரை இறக்கி ஏற்றிப் பாருங்கள். வயர் எங்கும் இழுபடவில்லை என்றால் ஃபியூஸைப் போடலாம்.

அடுத்தது பிளக்கின் துருவச் சோதனை. எஸ்ஏஇ பிளக்கில் ஒரு முனை உலோகம் வெளியே நீட்டியபடியும் இன்னொன்று பிளாஸ்டிக்குக்குள் மறைந்தும் இருக்கும். பேட்டரிப் பக்கப் பிளக்கில் மறைந்திருப்பது பிளஸ், நீட்டியிருப்பது மைனஸ். தவறிப்போய் மூடி கழன்று பிளக் ஃபிரேமில் உரசினாலும் படுவது மைனஸ் என்பதால் ஷார்ட் ஆகாது. மல்டிமீட்டரின் சிவப்பு முனையை மறைந்த பக்கத்திலும் கறுப்பை நீட்டிய பக்கத்திலும் வைத்தால் மைனஸ் குறி இல்லாமல் 12 வோல்ட் சொச்சம் காட்ட வேண்டும். சார்ஜரின் பிளக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு வேறு கம்பெனிப் பொருளைக் கலந்து வாங்கினால், குறிப்பாகச் சோலார் பேனலுக்கான எஸ்ஏஇ வயர் வாங்கினால், துருவம் தலைகீழாக இருப்பது உண்டு. பிளக் ஒழுங்காகச் செருகிக்கொள்ளும், ஆனால் பிளஸும் மைனஸும் மாறியிருக்கும். சார்ஜரில் தலைகீழ்ப் பாதுகாப்பு இல்லையென்றால் ஃபியூஸோ சார்ஜரோ போகும்.

சார்ஜ் போடும்போது

முதலில் பிளக்கை வண்டியில் செருகுங்கள், பிறகு சுவர் சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது முதலில் சுவர் சுவிட்ச், பிறகு பிளக். சார்ஜ் ஏறும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் கசியலாம், காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கை இழுத்தால் பொறி வரும். கிளிப்பைவிட இந்த முறையில் இன்னொரு நன்மை, அந்தப் பொறி வந்தாலும் பேட்டரியை விட்டுத் தள்ளி வெளியே வரும். இருந்தாலும் வரிசையை மாற்ற வேண்டாம். காற்றோட்டம் உள்ள இடம், பெட்ரோல் வாடை இல்லாத இடம், பக்கத்தில் சிகரெட்டோ விளக்கோ இல்லாத இடம் வேண்டும்.

பெரும்பாலான சார்ஜர்கள் மழையில் நனைய ஆகாதவை. பிளக் பாயிண்ட் தூரத்தில் இருந்தால் 230 வோல்ட் எக்ஸ்டென்ஷனை ஈரத் தரையில் இழுப்பதைவிட, சார்ஜரைச் சுவர்ப் பக்கமே விட்டு 12 வோல்ட் பக்க வயரை நீட்டுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 3 மீட்டர் தூரம், போக வர 6 மீட்டர், 1 ஆம்பியருக்கு இழப்பு 0.1 வோல்ட்தான். சார்ஜ் முடியும் தறுவாயில் கரண்ட் குறைவதால் அதுவும் மறையும். வீட்டு லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும்.

நேரம்: பாதி இறங்கிய 8 ஏஎச் பேட்டரிக்கு 0.8 ஆம்பியர் சார்ஜரில் ஏழெட்டு மணி நேரம், அதாவது ஒரு ராத்திரி. மே மாத வெயிலில் பகலில் போடாதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சார்ஜ் வோல்டேஜ் சுமார் 0.02 குறைய வேண்டும். 40 டிகிரியில் அது 0.3 வோல்ட் வித்தியாசம். வெப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளாத சார்ஜர் அப்போது பேட்டரியைத் தேவைக்கு மேல் ஏற்றும். பேட்டரி கையில் சுடுகிற அளவுக்கு வந்தாலோ உப்பினாலோ அழுகிய முட்டை வாடை வந்தாலோ உடனே சுவர் சுவிட்சை அணையுங்கள். அந்த பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் போடக் கூடாது.

தண்ணீர் ஊற்றும் பழைய வகை பேட்டரி என்றால் முதலில் மட்டத்தைப் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிச் சார்ஜ் போட்டு, முடிந்த பிறகு மேல் கோடு வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜில் மட்டம் உயர்ந்து ஆசிட் வழியும்.

மாடியில் வீடு, கீழே பிளக் பாயிண்டே இல்லை என்றால் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோவதுதான் வழி. அப்போதும் இந்த வயர் பேட்டரியோடு வரும்படி கட்டினால் கிளிப் தொல்லை இருக்காது. படுக்கையறையில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

வரக்கூடிய கோளாறுகள்

சார்ஜரில் விளக்கே மாறவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு லக், பிறகு பிளக்கின் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் பேட்டரி மிக அதிகமாக இறங்கியிருக்கும். வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் பல தானியங்கிச் சார்ஜர்கள் பேட்டரி இருப்பதையே உணராது.

செருகிய சில நிமிடத்தில் 'முழுச் சார்ஜ்' என்று பச்சை விளக்கு வந்து, ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரியின் கொள்ளளவு போய்விட்டது. மல்டிமீட்டரை முனைகளில் வைத்துக்கொண்டு செல்ஃப் அமுக்குங்கள். 9.5 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் சார்ஜர் செய்ய ஒன்றுமில்லை, புது பேட்டரிதான்.

இரவில் சார்ஜ் போட்டு நன்றாக இருந்த பேட்டரி, தினமும் ஓட்டியும் மறுபடி இறங்குகிறதா? இன்ஜினைக் கிளப்பி 3000, 4000 ஆர்பிஎம்மில் வைத்து அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13க்குக் கீழே நின்றால் இன்ஜினில் கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலோ, அந்தக் கரண்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரோ போயிருக்கும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, அது புது பேட்டரியையும் கொதிக்க வைத்துக் கெடுக்கும்.

இந்த வயரில் வெளிப் பொருள்களை இயக்குவதற்கும் அளவு உண்டு. 7.5 ஆம்பியர் என்றால் சுமார் 90 வாட். போன் சார்ஜர் மாட்டலாம். காற்றடிக்கும் பம்ப் பலவும் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மாட்ட வேண்டாம். இதன் வழியாக ஜம்ப் ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

ஃபியூஸ் ஒருமுறை போனால் மாற்றிப் பார்க்கலாம். திரும்பவும் போனால் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு வாயை அடைக்காதீர்கள். பிளக்கில் ஒன்றும் மாட்டாதபோதே ஃபியூஸ் போகிறது என்றால் ஃபியூஸுக்கும் பிளக்குக்கும் நடுவே வயர் எங்கோ உரசியிருக்கிறது. சைடு பேனலைக் கழற்றி, வயர் ஃபிரேமைத் தொடும் இடங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள், தேய்ந்த இடம் கையில் தட்டுப்படும். டேப் சுற்றி விட்டுவிடாமல் அந்த வயரையே மாற்றி, புது வயரை வேறு பாதையில் கட்டுங்கள்.